ரயில் சுருங்கும், வெயில் சுருங்காது

காருக்கு ஸ்டியரிங் உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, ஆட்டோவுக்குக்கூடக் கைப்பிடி உண்டு. ரயில் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அப்படி எதுவும் கிடையாது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பிரேக் போடலாம், ஹாரன் அடிக்கலாம். வண்டியைத் திருப்ப அவரால் ஆகாது. அப்படியானால் வளைவில் ரயில் எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் உட்பக்கம் ஒரு விளிம்பு இருக்கிறது, அது தண்டவாளத்தோடு ஒட்டி வண்டியை விலகாமல் பார்த்துக்கொள்கிறது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். இந்த விடையில் உண்மை கொஞ்சம்தான்.

கேள்வியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம். ரயிலின் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே அச்சில் அழுத்திப் பொருத்தப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆனால் வளைவில் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட நீளம். நீளமான பாதையில் ஓடும் சக்கரமும் குட்டையான பாதையில் ஓடும் சக்கரமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றி ஒரே நேரத்தில் எப்படிப் போய்ச் சேர முடியும்? காரில் இதற்கென்றே டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. ரயிலில் அது இல்லை.

நிஜ ரயிலில் இந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. வளைவுகள் அவ்வளவு பெரியவை. அதே ரயிலைச் சுருக்கி வீட்டுத் தோட்டத்தில் ஓட விட்டால், மறைந்திருந்த இயற்பியல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். தோட்ட ரயில் என்ற பொழுதுபோக்கின் பெரிய மதிப்பு அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பாதையைத் திட்டமிடும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி எழும்: ரயிலைச் சுருக்கிவிட்டோம், அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் சுருங்கியது, எது சுருங்காமல் நிற்கிறது?

இன்று உலகெங்கும் தோட்டங்களில் ஓடும் சிறு ரயில்களில் பெரும்பாலானவை, 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரப் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான ஒரு ரயிலின் வழிவந்தவை. லேமன் நிறுவனம் தயாரித்த அந்த ரயிலுக்கு எல்.ஜி.பி. என்று பெயர். மழையிலும் வெயிலிலும் வெளியிலேயே கிடக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. தண்டவாளம் கெட்டிப் பித்தளை. சிலீப்பர்கள் வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் பிளாஸ்டிக். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மில்லிமீட்டர்.

இந்த 45 மில்லிமீட்டரை 22.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். ஆகவே மீட்டர் கேஜ் ரயிலை 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது இந்தத் தடத்தில் சரியாக உட்காரும். நம் நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ்தான். ஐரோப்பாவில் பெரும்பாலும் வழங்கும் 1435 மில்லிமீட்டர் கேஜை மாதிரியாக எடுத்தால் 32-இல் ஒரு பங்கு, அமெரிக்க மலைச் சுரங்கங்களின் மூன்றடி கேஜ் என்றால் 20.3-இல் ஒரு பங்கு. தடம் ஒன்று, அதில் ஓடும் வண்டிகளின் அளவு விகிதம் பல. திட்டத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். இந்த விகிதம் தெரிந்தால்தான் குகை வாயிலின் உயரம் முதல் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி வரை எல்லாவற்றையும் கணக்கிட முடியும்.

நீளம் 22.5-இல் ஒரு பங்கானால் எடையும் அதே பங்காகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் கன அளவு 11,390-இல் ஒரு பங்காகிவிடும். 50 டன் எஞ்சின் 4.4 கிலோவாக வந்து நிற்கும். தோட்ட ரயில் எஞ்சின்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அந்தக் கனம்தான் இருக்கும். எடை இப்படிச் சரிவதும், உராய்வு அந்த அளவுக்குச் சரியாமல் இருப்பதும் பின்னால் நமக்கு வேலை கொடுக்கப்போகின்றன.

வளைவுக்குத் திரும்புவோம். இரண்டு காகித டீ கப்புகளை எடுத்து, வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டுங்கள். நடுவில் பெருத்து இருபுறமும் சிறுத்த உருளை ஒன்று கிடைக்கும். இரண்டு நீளக் குச்சிகளை இணையாக வைத்து, ஒரு முனையைச் சற்றே உயர்த்தி, இதை அதன்மேல் உருட்டி விடுங்கள். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அதுவே நடுவுக்கு வந்துவிடும். இப்போது டேப்பைப் பிரித்து, கப்புகளை அடியோடு அடி ஒட்டி, நடுவில் சிறுத்த உருளையாக்கி உருட்டுங்கள். இரண்டு சாண் போவதற்குள் கீழே விழும்.

முதல் உருளை ஏன் தப்பித்தது? அது வலப்பக்கம் நகர்ந்தால், வலது குச்சியைத் தொடும் இடம் நடுவை நெருங்கும். அங்கே சுற்றளவு பெரியது. இடது குச்சியைத் தொடும் இடத்தின் சுற்றளவு சிறியது. ஒரு சுற்றுக்கு வலப்பக்கம் அதிக தூரம் போகும், இடப்பக்கம் குறைவாகப் போகும். ஆகவே உருளை இடப்பக்கம் திரும்பும். தவறிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அதுவே தன்னைத் திருப்பிக்கொள்கிறது.

ரயில் சக்கரமும் இப்படித்தான். பார்வைக்குத் தட்டையாகத் தெரியும் சக்கரப் பரப்பு உண்மையில் லேசான கூம்பு. உட்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. வெகுகாலமாக வழக்கத்தில் உள்ள சரிவு 20-க்கு 1. வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சற்று ஒதுங்கும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவில் ஓடுகிறது, உட்சக்கரம் சிறிய சுற்றளவில் ஓடுகிறது. டிஃபரென்ஷியல் செய்யும் வேலையைச் சக்கரத்தின் வடிவமே செய்துமுடிக்கிறது. விளிம்பு கடைசிக் காவல் மட்டுமே. இந்தக் கூம்புச் சரிவு வண்டியைப் பாம்புபோல் இடமும் வலமும் நெளியவைப்பதை ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் 1821-லேயே எழுதியிருக்கிறார். அந்த நெளிவின் நீளத்துக்குக் கணக்கு சொன்னவர் கிளிங்கல் என்ற ஜெர்மானியர், 1883-இல். அவருடைய கணக்கை 31 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோட்ட ரயில் சக்கரத்துக்குப் போட்டால் ஒரு நெளிவின் நீளம் அரை மீட்டர் அளவுக்கு வரும்.

நிஜப் பாதையில் இந்தக் கூம்பு எவ்வளவு உதவுகிறது? நம் அகலப்பாதையில் ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெட்டிச் சக்கரம் அதில் வழுக்காமல் உருள, அச்சு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஒதுங்கினால் போதும். அந்த அளவுக்கு விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இடம் இருக்கிறது. விளிம்பு தொடாமலே வண்டி திரும்பிவிடும்.

இனி தோட்டம். எல்.ஜி.பி. ரயில் தொகுப்போடு வரும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 60 சென்டிமீட்டர். இதை 22.5 மடங்காக்கினால் 13.5 மீட்டர். நீலகிரிப் பாதையின் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 100 மீட்டருக்கு அருகில்தான் இருக்கிறது. அதையே சரியாகச் சுருக்கினால் 4.4 மீட்டர் ஆரம் வரும். ஒரு வட்டம் போட 9 மீட்டர் அகலத் தோட்டம் வேண்டும். தோட்டம் சுருங்காத பொருள், ஆகவே வளைவைத்தான் அளவுக்கு மீறிச் சுருக்குகிறோம். 60 சென்டிமீட்டர் ஆரத்தில் அந்தச் சின்னச் சக்கரம் வழுக்காமல் உருள வேண்டுமானால் அச்சு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஒதுங்க வேண்டும். இருக்கும் இடமோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கூம்பு தோற்றுப்போகிறது. விளிம்பு தண்டவாளத்தோடு உரசுகிறது, மீதிக் கணக்கைச் சக்கரம் வழுக்கித் தீர்க்கிறது. வளைவில் கேட்கும் கிறீச்சொலி அந்த வழுக்கலின் சத்தம்.

இங்கே வியப்பான ஒரு விஷயம் உண்டு. ஒரு முழு வட்டத்தில் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட எவ்வளவு நீளம் என்று அளந்தால், 45 மில்லிமீட்டர் தடத்துக்கு அது எப்போதும் 28 சென்டிமீட்டர்தான். வட்டம் சாப்பாட்டு மேசை அளவானாலும், தெருவளவானாலும், ஊரளவானாலும் அதே 28 சென்டிமீட்டர். நம்பிக்கை வராதவர்கள் தரையில் சாக்பீஸால் இரண்டிரண்டு வட்டம் போட்டு நூல் வைத்து அளந்து பார்க்கலாம். ஆரம் 60 சென்டிமீட்டர் என்றால் அந்த 28-ஐ 3.8 மீட்டர் ஓட்டத்துக்குள் வழுக்கித் தீர்க்க வேண்டும். ஆரம் 3 மீட்டர் என்றால் அதே 28-ஐத் தீர்க்க கிட்டத்தட்ட 19 மீட்டர் கிடைக்கிறது. எஞ்சின் இழுக்கத் திணறுவதும் சக்கரம் தேய்வதும் அந்த விகிதத்தில் குறையும். தோட்ட ரயில் போடுகிறவர்கள், இடம் தருகிற மட்டும் பெரிய வளைவாகப் போடு என்று திரும்பத் திரும்பச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை.

கூர்மையான வளைவோடு மல்லுக்கட்டியவர்களில் நான் பெரிதும் மதிப்பவர் சர் ஆர்தர் ஹேவுட். இங்கிலாந்தின் டெர்பி நகருக்கு அருகே டஃபீல்ட் பேங்க் என்ற தன் வீட்டு நிலத்தில் 1874 முதல் அவர் ஒரு ரயில் பாதை போட்டார். மனிதர்கள் ஏறிச் செல்லக்கூடிய மிகச் சிறிய கேஜ் எது என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கம். 9 அங்குலத்தில் செய்து பார்த்தார், நிலையாக நிற்கவில்லை. 15 அங்குலத்தில் நின்றது. வண்டியைச் சுருக்கலாம், ஏறி உட்காரும் ஆளைச் சுருக்க முடியாதே. ஆள் ஏறினால் பெட்டியின் பாரம் உயரே போய்விடும், கேஜ் குறுகினால் கவிழும். அவருடைய பாதையின் மிகக் குறுகிய வளைவுக்கு ஆரம் 25 அடிதான். அதில் ஆறு சக்கர எஞ்சினை ஓட்ட, முனை அச்சுகளின் சக்கரங்கள் வளைவுக்கு ஏற்பத் தாமே திரும்பிக்கொள்ளும்படி ஒரு அமைப்பை உருவாக்கினார். கூம்பு கைவிடும் இடத்தில் அச்சே திரும்ப வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

அடுத்தது ஏற்றம். இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் இருக்கின்றன. சாய்வு என்பது உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம். இரண்டும் சேர்ந்து சுருங்குவதால் சாய்வு மாறுவதில்லை. 100-க்கு 2 என்ற ஏற்றம் தோட்டத்திலும் 100-க்கு 2-தான். அது நல்ல செய்தி. கெட்ட செய்தியைக் கண்டுபிடிக்க ஒரு மீட்டர் நீள நேர்த்தண்டவாளமும் ஒரு பெட்டியும் வேண்டும். பெட்டியைத் தண்டவாளத்தின்மேல் நிறுத்தி, ஒரு முனைக்குக் கீழே ஒவ்வொரு அட்டையாகச் செருகி உயர்த்துங்கள். லேசாகத் தட்டிவிட்டால் நிற்காமல் உருண்டுகொண்டே போகும் உயரம் வந்ததும் நிறுத்தி அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பெட்டியை இழுப்பதில் உராய்வு தின்னும் விசை, அதன் எடையில் 100-க்கு 2 பங்கு. இதை உருள்தடை என்று சொல்லலாம். சமதளத்தில் ஓடும்போதும் அந்தப் பெட்டி 100-க்கு 2 என்ற ஏற்றத்தில் எப்போதும் ஏறிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

இப்போது உண்மையிலேயே 100-க்கு 2 ஏற்றம் ஒன்று வந்தால் சுமை இரட்டிப்பாகும். சமதளத்தில் 20 பெட்டி இழுத்த எஞ்சின் 10 பெட்டிதான் இழுக்கும். அதுவும் முழுதாக இழுக்காது, ஏனென்றால் எஞ்சின் தன்னுடைய 4.4 கிலோவையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கிறது. 100-க்கு 4 என்றால் சுமை மூன்று மடங்கு. வளைவில் வழுக்கும் சக்கரங்கள் தரும் தடையும் ஒரு ஏற்றத்துக்குச் சமமானது. ஆகவே ஏற்றத்தின் நடுவே கூர்மையான வளைவு வைப்பது ஏற்றத்தின்மேல் ஏற்றம் வைப்பது. நிஜ ரயில்வேயில் இதற்கு ஒழுங்கான விதியே உண்டு. நம் நாட்டு அகலப்பாதையில் வளைவின் ஒவ்வொரு பாகைக்கும் சாய்வில் 0.04 சதவீதத்தைக் குறைத்துவிடுவார்கள்.

நிஜ ரயிலில் கதை இன்னும் கடுமை. அங்கே உருள்தடை ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோதான், அதாவது 0.2 சதவீதம். இரும்பின்மேல் இரும்பு உருளுவதன் பெருமை அது. ஆனால் அதே காரணத்தால் 100-க்கு 2 ஏற்றம் வந்தால் சுமை 11 மடங்காகிவிடும். கண்ணுக்கே தெரியாத ஏற்றத்துக்குக்கூட ரயில் பொறியாளர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பது இதிலிருந்து புரியும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி ரயில் ஏறும் சாய்வு ஏறத்தாழ 12-க்கு 1. அங்கே சுமை 40 மடங்கைத் தாண்டும். வழவழப்பான சக்கரத்தின் பிடிமானத்தை, அதிலும் மழை நாளில், அங்கே நம்ப முடியாது. அதனால்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல்தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு வழக்கமான சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. தோட்ட ரயிலுக்கும் சிலீப்பர்களின் நடுவே செருகும் பல்பட்டை கிடைக்கிறது.

திட்டம் போடும்போது இந்தக் கணக்கு உடனே கை கொடுக்கும். பலரும் முதலில் ஆசைப்படுவது எட்டு வடிவப் பாதைக்கு, ஒரு தடத்தின்மேல் இன்னொன்று பாலத்தில் கடக்க வேண்டும். எஞ்சினின் உயரமும் பாலத்தின் தடிமனும் சேர்ந்து 25 சென்டிமீட்டர் வேண்டும் என்றால், 100-க்கு 2 சாய்வில் ஏறுவதற்கே பன்னிரண்டரை மீட்டர் போகும், இறங்க இன்னொரு பன்னிரண்டரை. தோட்டம் அதற்கு இடம் தராவிட்டால் மேல்தடம் பாதி உயரமும் கீழ்த்தடம் பாதிப் பள்ளமுமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: தடத்தைச் சமமாகவே வைத்துக்கொண்டு, மண்ணை மேடும் பள்ளமுமாக ஆக்குவது. மேட்டில் வெட்டி நுழைந்து, பள்ளத்தில் பாலத்தின்மேல் கடந்து போகும் ரயில், பார்வைக்கு மலை ஏறுவதாகத் தோன்றும். எஞ்சினுக்கு ஒரு கிராம்கூடக் கூடுதல் சுமை இல்லை.

சுருங்காதவற்றில் மிகப் பெரியது வெயில். பித்தளை ஒரு டிகிரி சூடேறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு நீளும். அற்பம்போல் தெரிகிறது. வெயிலில் கிடக்கும் தண்டவாளம் 60 டிகிரியைத் தொடும், விடியற்காலையில் 25-க்கு இறங்கும். இந்த 35 டிகிரி வேறுபாட்டில் 10 மீட்டர் நேர்த்தடம் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். ஏழு மில்லிமீட்டர்தானே என்று இரண்டு முனைகளையும் திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை மேசையில் படுக்கவைத்து, இரு முனைகளையும் ஒரே ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். நடுப்பகுதி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும். நீளத்தில் கொஞ்சம் மிஞ்சினாலும் பக்கவாட்டில் அது பல மடங்காகத் தெரியும். நம் 10 மீட்டர் தடம் ஒரே வில்லாக வளைந்தால் நடுவில் 15 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் போய்விடும்.

தண்டவாளம் வட்டமாக இருந்தால் கதை வேறு. 20 மீட்டர் சுற்றளவுள்ள வட்டம் அதே வெயிலில் 13 மில்லிமீட்டர் நீளும். ஆனால் வட்டத்தின் ஆரம் 2 மில்லிமீட்டர்தான் கூடும். ஜல்லிக்குள் சும்மா படுத்திருக்கும் தடம் இதைப் பேச்சு மூச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே நெடிய நேர்த்தடத்தைவிட மெல்ல வளைந்து போகும் தடம் வெயிலுக்கு நல்லது. தடத்தை எதிலும் ஆணி அடித்துக் கட்டிப்போடாமல் ஜல்லியில் மிதக்கவிடுவது அதனினும் நல்லது. நேர்த்தடத்தில் இணைப்புக்கு இணைப்பு சிறு இடைவெளி விட வேண்டும், எவ்வளவு என்பது தடம் போடும் நேரத்தைப் பொறுத்தது. உச்சிவெயிலில் போட்டால் தண்டவாளம் ஏற்கெனவே நீண்டிருக்கிறது, முட்ட வைத்தே போடலாம். விடியற்காலையில் போட்டால் இடைவெளி தேவை.

மழையும் சுருங்காது. நிஜப் பாதையின் 5 சென்டிமீட்டர் ஜல்லியைச் சுருக்கினால் 2 மில்லிமீட்டர் மணல் கிடைக்கும். பெரிய மழைத்துளியே அந்த அளவு இருக்கும். முதல் பெருமழையில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் அளவு விகிதத்தைச் சற்று மறந்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்ள கருங்கல் சிப்ஸைக் கிரஷர் தூசியோடு கலந்து போடுகிறார்கள். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, ஆனால் உருண்டை ஒன்றின்மேல் ஒன்று உருளும். உடைத்த கல்லின் மூலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நகராமல் நிற்கும். ரயில்வே ஜல்லி எப்போதும் உடைத்த கல்லாக இருப்பதற்கும் அதே காரணம். தடத்துக்குக் கீழே ஒரு முழம் அகலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழ வாய்க்கால் வெட்டிப் பெரிய ஜல்லி நிரப்பி, மேலே இந்தச் சிப்ஸ் போட்டால், தண்ணீர் தடத்தடியில் தேங்காமல் இறங்கிவிடும். பனி உறையும் நாடுகளில் இதற்கு இரட்டைப் பயன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. ஈரம் தங்கிய மண் குளிர்காலத்தில் தடத்தையே தூக்கிவிடும், வடிந்துபோன ஜல்லி தூக்காது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வழக்கமான ஏற்பாட்டில் இடது தண்டவாளம் ஒரு முனை, வலது தண்டவாளம் மறுமுனை, 24 வோல்ட்டுக்குள் நேர்மின்னோட்டம். டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். தோட்டத்துக்கு வருவது குறைந்த வோல்ட் கம்பி மட்டுமே. பித்தளை நன்றாகக் கடத்தும், தொல்லை இணைப்புகளில்தான். 30 சென்டிமீட்டர் துண்டுகளாகப் போட்டால் 20 மீட்டர் தடத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 67 இணைப்பு. ஒவ்வொன்றிலும் களிம்பு ஏறும், ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்னும். ஒன்றரை மீட்டர்த் துண்டுகள் போட்டால் 13-இல் முடியும்.

இதில் திட்டத் தாளிலேயே பிடிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. ரயில் போய்ச் சுற்றி வந்து அதே தடத்தில் எதிர்த்திசையில் திரும்பும்படி ஒரு கண்ணி வரைந்து, இடது தண்டவாளத்தின்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். கண்ணியைச் சுற்றி வந்ததும் விரல் வலது தண்டவாளத்தில் போய் முட்டும். அதாவது ஷார்ட் சர்க்யூட். கண்ணியின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிளாஸ்டிக் இணைப்பால் பிரித்து, ரயில் உள்ளே இருக்கும்போது பிரதான தடத்தின் முனைகளை மாற்றிப் போட வேண்டும். பலர் இப்போது எஞ்சினுக்குள் லித்தியம் பேட்டரியும் ரேடியோ கட்டுப்பாடும் வைத்து, தண்டவாளத்தை வெறும் பாதையாக விட்டுவிடுகிறார்கள். வெளியில் ஓடும் ரயிலுக்கு அதுவே மேல் என்பேன்.

நிஜ நீராவியில் ஓடும் குட்டி எஞ்சின்களும் உண்டு. அவற்றின் பெரிய எதிரி குளிர்தல். டம்ளரில் ஊற்றிய காபி ஆறிப்போகும் நேரத்தில் கல்யாண வீட்டு அண்டாக் காபி சுடச்சுட இருக்கும். சிறிய கொள்கலத்தில் உள்ளே இருப்பதைவிட வெளிப்பரப்பு விகிதத்தில் அதிகம். 22.5-இல் ஒரு பங்காகச் சுருங்கிய பாய்லரில், ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் வெப்பம் தப்பிக்கும் பரப்பு 22.5 மடங்கு கூடிவிடும். தண்ணீரின் பரப்பு இழுவிசையும் சுருங்குவதில்லை. பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயைச் சுருக்கினால், அந்தக் குறுகிய துளையில் ஒரு நீர்க்குமிழி நடுவில் ஒட்டிக்கொண்டு, காலியாகிவிட்ட பாய்லரை நிறைந்ததாகக் காட்டும். அதனால் அனுபவசாலிகள் குழாயை நம்பி இருந்துவிடாமல், அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு முறை ஊதிவிட்டுத்தான் அளவு பார்ப்பார்கள்.

மனிதக் கையும் சுருங்காது. வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுத் தோட்டத்தில் 1950-இல் ஓடவிட்ட கரோல்வுட் பசிபிக் ரயிலில், மனைவியின் பூப்பாத்திக்குக் கீழே 90 அடி நீளக் குகை போட்டார். உள்ளே போனால் மறுமுனை தெரியாதபடி அதை நெளிவாக வளைத்தார். அவர் ரயில் எட்டில் ஒரு பங்கு, அதன்மேல் ஆளே உட்கார்ந்து போகலாம், குகைக்குள் வண்டி நின்றால் இறங்கித் தள்ளலாம். 45 மில்லிமீட்டர் தடத்தில் அது நடக்காது. குகையின் நடுவில் கவிழ்ந்த பெட்டியைக் கையை விட்டு எடுக்க வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும் தூரம்தான் குகையின் நீளம். அதற்குமேல் வேண்டுமானால் மலையின் உச்சி கழற்றக்கூடிய மூடியாக இருக்க வேண்டும்.

தடம் போட்டு முடிந்ததும் முதலில் எஞ்சினை வைக்காதீர்கள். ஒரு பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு முழுச் சுற்றும் போய், துள்ளும் இடம், உரசும் இடம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பிறகு சிறு ரசமட்டத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்து அந்த இடங்களைப் பாருங்கள். 45 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், அது நம் அகலப்பாதையில் 37 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதற்குச் சமம். தடம் முழுக்க ஒரே பக்கம் தாழ்ந்திருந்தால்கூட வண்டி சமாளித்துக்கொள்ளும். இங்கே இடப்பக்கம் தாழ்ந்து, ஒரு சாண் தள்ளி வலப்பக்கம் தாழ்ந்தால்தான் ஆபத்து. நான்கு சக்கரப் பெட்டியில் மூன்று சக்கரம் தண்டவாளத்தில் இருக்கும், நான்காவது அந்தரத்தில் நிற்கும், அதன் விளிம்பு தண்டவாளத்தின்மேல் ஏறிவிடும். ரயில்வேக்காரர்கள் இதைத் தடத்தின் முறுக்கு என்று தனியாக அளந்து குறித்துவைக்கிறார்கள். தாழ்ந்த பக்கத்துச் சிலீப்பருக்கு அடியில் கொஞ்சம் சிப்ஸைத் தள்ளி, மரக்கட்டையால் தட்டி இறுக்கி, மறுபடியும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க மண் படிந்த பிறகு இதை இன்னொரு முறை செய்துவிட்டு, அப்புறம் ஸ்டேஷன் கட்டலாம்.